அம்பலவாணனின் முன்பல்

பிப்ரவரி 5, திங்கள்

காலிங்பெல்லைப் பார்க்க ஒருவழியாக எலக்ட்ரீஷியன் வந்தார். வெளியே போய் அமுக்கினார், உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் போய் அமுக்கினார். "நல்லாத்தான் சார் அடிக்குது" என்றார். ஆள் வந்து நின்றால் ஒழுங்காக அடிப்பதும், அவர் தெரு முனை திரும்பியதும் மக்கர் பண்ணுவதும் இந்த மணிக்கு வழக்கமாகிவிட்டது. போன வாரம் கூரியர்காரர் வந்து சீட்டைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். முன்னறையில் முழுசாக ஒரு மனுஷன் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறார். கொழுப்பைப் பாருங்கள்.

கிளினிக்கில் பதினோரு பேர். ஒன்பது பேர் எல்லா ஊரிலும் இருக்கிற பல்வலிக்காரர்கள். இரண்டு பேர் ஊதுகிறவர்கள்: சீர்காழி பேண்டு செட்டின் டிரம்பெட்காரர் ஒருவர், வைத்தீஸ்வரன்கோயில் புல்லாங்குழல்காரர் ஒருவர். மாயவரத்தில் பல் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நாயனம், கிளாரினெட், சாக்ஸபோன் என்று வாயில் வைத்து ஊதுகிற எல்லாரும் பஸ் ஏறி வருவது இந்தக் கலியபெருமாளிடம்தான். காரணம் என் கை இல்லை, காது. பல்லைத் தொடுமுன் ஒரு தடவை, தொட்ட பின் ஒரு தடவை, நாற்காலியில் வைத்தே வாசிக்கச் சொல்வேன். கண்ணை மூடிக் கேட்பேன். சரியாக இருந்தால் கட்டை விரலைத் தூக்குவேன். அப்புறம்தான் அவர்கள் முகத்தில் உயிர் வரும்.

இன்றைக்கு இரண்டு பேருக்கும் தூக்கினேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

குக்கரில் சாதம் கருகிவிட்டது. விசில் வராத குக்கரை எதற்குத்தான் விற்கிறார்களோ. வெயிட்டை மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 8, வியாழன்

அகரவெளி அம்பலவாணன் வந்தார். கூடவே அவர் மனைவி கோமளவல்லி. இருவரும் ஜோடியாக நாயனம் வாசிக்கிறவர்கள். போன வெள்ளிக்கிழமை சுவாமி புறப்பாட்டில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே பின்னால் நடந்து வந்த ஒரு மகானுபாவர் நாயனத்தின் அடிப்பக்கத்தில் இடித்திருக்கிறார். வாயில் வைத்து ஊதுகிற சீவாளி நசுங்கி, அது செருகியிருக்கிற உலோகக் குழல் போய்ப் பல்லில் மோதி, மேல் முன்பல் பாதிக்கு உடைந்துவிட்டது. மனுஷர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டே வந்தார்.

சித்திரை ஒன்பதாம் தேதி அகரவெளியில் கும்பாபிஷேகம். பதினெட்டு வருஷம் கழித்து நடக்கிறது. சொந்த ஊர்க் கோயில், நான்கு கால யாகபூஜைக்கும் இவர்தான் வாசிக்க வேண்டும். அதற்குள் பல் ஆகிவிடுமா என்று கோமளவல்லி நான்கு தடவை கேட்டார். ஆகிவிடும் என்று நானும் நான்கு தடவை சொன்னேன்.

இவருடைய முன்பல் லேசாக முன்னால் தூக்கியிருக்கும். வேறு டாக்டரிடம் போயிருந்தால் உடைந்த பல்லின் மேல் உறை மாதிரி வரிசையாக, அழகாக ஒரு கேப் போட்டு அனுப்பியிருப்பார், கதை முடிந்திருக்கும். அந்தத் தூக்கல்தான் மேலுதட்டைத் தாங்குகிறது. உதடு சீவாளியைத் தாங்குகிறது. ஆறு வருஷத்துக்கு முன் நான் எடுத்து வைத்த பல்லச்சு அலமாரியில் இருக்கிறது. அதை வைத்தே கேப் செய்யச் சொல்லிக் கும்பகோணத்து லேபுக்கு எழுதிவிட்டேன்.

இதெல்லாம் எனக்குக் கல்லூரியில் சொல்லித் தரவில்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கிளாரினெட்காரரின் கோணல் பல்லை ராவி அழகுபடுத்தினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்து, "பல்லச் சரிபண்ணிட்டீங்க தம்பி, தோடியக் கெடுத்துட்டீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது இந்தக் கேட்கிற வேலை.

பிப்ரவரி 9, வெள்ளி

ஜெயக்கொடியை இன்று சத்தம் போட்டுவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக என்னிடம் உதவிக்கு இருக்கிறாள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றிரண்டு வருஷமாக ஒரு கெட்ட பழக்கம். பேஷண்ட் என்ன சொன்னாலும் அதை என் பக்கம் திரும்பி உரக்க இன்னொரு தடவை சொல்கிறாள். "கீழ்க் கடவாயில வலிங்கிறாங்க சார்." "சூடு பட்டா கூசுதாம் சார்." எனக்கென்ன காது இல்லையா? கிளி மாதிரி திருப்பிச் சொல்லாதே, இனிமேல் ஒரு வார்த்தை வரக்கூடாது என்றேன். பேஷண்ட் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்தான். முகம் சுண்டிப் போயிற்று. சொல்லியாயிற்று, இனி என்ன செய்வது.

பிப்ரவரி 13, செவ்வாய்

சாருமதி இந்த வாரமும் போன் பண்ணவில்லை. பெற்ற பெண் கோயமுத்தூரில் இருக்கிறாளா, சந்திரனில் இருக்கிறாளா என்று தெரியவில்லை. நானாகப் பண்ண மாட்டேன்.

கொல்லைப்பக்கம் சாயங்காலத்தில் சில்வண்டுகள் காதைத் துளைக்கும். இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. வயலுக்கெல்லாம் கண்ட மருந்தையும் அடித்துச் சுத்தமாகக் கொன்றுவிட்டார்கள். வீடு இவ்வளவு நிசப்தமாக இருந்தால் மனுஷனுக்கு ஒரு மாதிரிதான் இருக்கிறது. மனைவி புஷ்பா இருந்தால் எதையாவது உருட்டிக்கொண்டாவது இருப்பாள். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பேச ஆள் இல்லாமல் போனதும் எழுத ஆரம்பித்தது இந்த நோட்டு.

பிப்ரவரி 19, திங்கள்

அம்பலவாணனுக்கு கேப் பொருத்தினேன். வாசித்தார். அறை அதிர்ந்தது. கட்டை விரலைத் தூக்கினேன். அவர் இன்னும் கொஞ்சம் வாசித்து, சற்று யோசித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 26, திங்கள்

அம்பலவாணன் திரும்பி வந்திருந்தார். கேப் பெரிசாக இருக்கிறதாம். இந்த நாயனக்காரர்களே ஒரு விசித்திரம். நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஊதுவார்கள், வாயைத் திறந்து பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காது. அதிலும் இவர் குனிந்துகொண்டு பேசுகிற ஆள். "பெரிசா இருக்கு டாக்டர்" என்றார். அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாசிக்கிறவர் சொன்னால் கேட்க வேண்டும், அதுதான் என் வழக்கம். நுனியில் ஒரு மயிரிழை ராவினேன். வாசித்தார். சரி என்றேன்.

ஜெயக்கொடி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பார்த்தேன். மூடிக்கொண்டாள்.

மார்ச் 2, வெள்ளி

எட்டு பேர். மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது. ராத்திரிக்கு இட்லி வாங்கிக்கொண்டேன். சட்னி கட்ட மறந்துவிட்டார்கள், அல்லது அவர்கள் ஏதோ கேட்டதற்கு நான் தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 5, திங்கள்

மறுபடியும் அம்பலவாணன். "இன்னும் பெரிசாத்தான் இருக்கு." இன்னும் கொஞ்சம் ராவினேன். முன்னைவிட அதிகமா என்று கேட்டேன், ஆமாம் என்று தலையசைத்தார். ராவ ராவ எப்படிப் பெரிசாகும்? இவர் மனதுதான் பெரிசாக்குகிறது. கும்பாபிஷேக பயம். வாசித்ததைக் கண்ணை மூடிக் கேட்டேன். கனமான, நல்ல நாதம். தைரியமாகப் போங்கள் என்று தோளில் தட்டி அனுப்பினேன்.

மார்ச் 14, புதன்

மூன்றாவது தடவை. அதே பல்லவி. இன்றைக்கு எனக்கே கொஞ்சம் கடுப்பாகிவிட்டது. இதற்கு மேல் ராவினால் பல்லே இருக்காது என்று சொல்லிக்கொண்டே ராவினேன். அவர் வாசித்து முடித்து நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்தார். நான் கட்டை விரலைத் தூக்கினேன். ஏதோ சொன்னார். சரி சரி என்றேன். உறையில் போட்டு முடிச்சுப் போடும்போது அவர் கை ரொம்ப மெதுவாக இருந்தது. அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கள் வந்து ஒரு தடவை காட்டிவிட்டுப் போகச் சொன்னேன்.

மார்ச் 24, சனி

அம்பலவாணனிடமிருந்து கடிதம். அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

"மதிப்பிற்குரிய டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். வருகிற திங்கட்கிழமை நான் வரவில்லை. மூன்று முறை வந்து பிசிறாக இருக்கிறது, பிசிறாக இருக்கிறது என்று சொல்லி உங்களைச் சிரமப்படுத்திவிட்டேன். நீங்களும் ஒவ்வொரு முறையும் கவனித்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, சரி என்றீர்கள். உங்கள் காதுக்குச் சரி என்று பட்ட பிறகும் எனக்குப் பிசிறு கேட்கிறது என்றால் கோளாறு பல்லில் இல்லை, என் உதட்டில்தான். வயது நாற்பத்தெட்டு முடிகிறது. எங்கள் அப்பாவுக்கும் ஐம்பதில் உதடு விட்டுப் போயிற்று. கும்பாபிஷேகத்துக்கு வேறு ஆள் பார்க்கும்படி கோயிலில் சொல்லிவிட்டேன். கோமளா இனிமேல் தன் தம்பியோடு வாசிக்கட்டும். நீங்கள் எனக்காக எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு நன்றி."

பிசிறு. எழுத்தில் பார்த்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

அவர் ஒரு தடவைகூடப் பெரிசு என்று சொல்லவில்லை. பிசிறா இருக்கு என்றார். சீவாளியின் ஓரத்தில் காற்று ஒழுகி, நாதத்தோடு ஒரு இழை உஸ்ஸென்று ஓடுகிறது, அதைச் சரிபண்ணுங்கள் என்றார். நான் பெரிசு என்று கேட்டு, உதட்டைத் தாங்க வேண்டிய பல்லை ராவி ராவி இன்னும் காற்றுக்கு வழி விட்டிருக்கிறேன். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் கட்டை விரல் வேறு.

மார்ச் 25, ஞாயிறு

உதடு விட்டுப் போவதும் உண்டு. நாற்பத்தெட்டு என்பது நாயனத்துக்குச் சின்ன வயதில்லை. அவர் அப்பாவுக்கும் அப்படி ஆகியிருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார்.

மார்ச் 26, திங்கள்

அவர் வரவில்லை. பத்து பேர்.

மார்ச் 27, செவ்வாய்

நேற்றைக்கு முந்தின நாள் எழுதியதைப் படித்தேன். வெட்கமாக இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். நன்றி என்று எழுதியிருக்கிறார். ஊரில் என் பேர் அப்படியே இருக்கும். ஊதுகிறவர்கள் பஸ் ஏறி வந்துகொண்டே இருப்பார்கள். காதுள்ள பல் டாக்டர் என்றுதானே வருகிறார்கள். அந்தக் காது இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் யார்? இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவன்.

நான் பேசாமல் இருந்தால், அவர் நாயனத்தை மூட்டை கட்டி வைத்துவிடுவார். அவ்வளவுதான்.

மார்ச் 28, புதன்

ஜெயக்கொடியிடம் கேட்டேன். கடைசி பேஷண்ட் போன பிறகு, டிரேயைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் திரும்பி நின்று பேசு என்றேன்.

"அம்பலவாணன் அன்னைக்கு என்ன சொன்னாரு?"

"பிசிறா இருக்குன்னாங்க சார்."

"நீ ஏன் சொல்லல?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கதான் திருப்பிச் சொல்லாதன்னீங்க."

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாக எழுதி வைக்கிறேன். "அம்மாதான் சார் சொன்னாங்க. அவருக்குக் காது மந்தமாயிட்டு வருது, ஒத்துக்க மாட்டாரு, நீ தெரியாத மாதிரி திருப்பிச் சொல்லிடு ஜெயான்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம்."

புஷ்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் அவள் ஏன் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டே இருந்தாள், ஏன் எதையும் சொல்லுமுன் என் எதிரில் வந்து நின்றாள் என்பதெல்லாம் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அவள் போவதற்கு முந்தின ஒரு வருஷமும் இவளுக்கு ஏன் புத்தி இப்படி, குறுக்கே குறுக்கே வந்து நிற்கிறாளே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

ஜெயக்கொடி என் செல்போனை வாங்கிப் பார்த்தாள். சாருமதி இந்த மாதம் மட்டும் பத்தொன்பது தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 2, திங்கள்

மாயவரத்திலோ கும்பகோணத்திலோ போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, காதைக் காட்டத் திருச்சிக்குப் போனேன். இந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு அறை. காதில் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்குங்கள் என்றாள் அங்கிருந்த பெண். சாருமதியைவிடச் சின்னவளாக இருப்பாள். முதலில் கொஞ்சம் அமுக்கினேன். அப்புறம் சத்தமே இல்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கதவைத் திறந்து, முடிந்துவிட்டது சார் என்றாள்.

தடித்த சத்தமெல்லாம் கேட்கிறது. மெல்லிசாக மேலே ஓடுகிற சத்தமெல்லாம் போய்விட்டது. ச, சி, உஸ், விசில், மணி, பூச்சி. என்ன தொழில் என்று கேட்டாள். பல் டாக்டர் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். காதுக்கு ஒரு முழம் தள்ளி, வீலென்று கத்திப் பல்லைக் குடைகிற ஏர்ரோட்டாரைப் பிடித்துக்கொண்டு முப்பத்தைந்து வருஷம். உங்கள் தொழிலில் நிறையப் பேருக்கு இப்படி ஆகிறது சார் என்றாள். கருவி மாட்டிக்கொண்டால் பேச்சு பரவாயில்லாமல் கேட்கும், ஆனால் போனது போனதுதான். பிசிறு என் காதுக்கு இனிமேல் திரும்பாது.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒருவர் தஞ்சாவூர் வரைக்கும் என்னிடம் பேசிக்கொண்டே வந்தார். என்ன சொன்னார் என்று தெரியாது. தலையாட்டிக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 4, புதன்

அகரவெளிக்குப் போய்விட்டு வந்தேன்.

இரண்டு நாளாக எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக அமைத்து வைத்திருந்தேன். தெருவில் இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது. வீட்டுக்குள் கோமளவல்லியும் அவர் தம்பியும் சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். அம்பலவாணன் மாட்டுக் கொட்டகையில் தீவனம் வெட்டிக்கொண்டிருந்தார். வாசிப்பு கேட்காத தூரம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, உள்ளே அழைத்துப் போய், மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த உபசாரம்தான் தாங்க முடியவில்லை.

உட்காராமலே சொல்லிவிட்டேன். "நீங்க பிசிறுன்னீங்க. எனக்குப் பெரிசுன்னு கேட்டுச்சு. அதான் ராவிட்டேன். எனக்குக் காது போயிடுச்சு அம்பலவாணன், மூணு வருசமாவே. நீங்க வாசிச்சதுல பிசிறு இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாமயே சரின்னேன்."

கோமளவல்லிதான் நாயனத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் பேசியது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது, அவ்வளவு உரக்கப் பேசினார். "ஒரு மாசமா இந்த மனுசன் கண்ணாடி முன்னாடியே நிக்கிறாரு. உதட்டத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. நான் சொன்னேன், பல்லுதாங்க, இன்னொரு டாக்டரப் பாப்பம்னு. டாக்டரே கேட்டுட்டாரு, அவரு காதுக்குத் தப்பாதுன்னு என் வாய அடைச்சிட்டாரு. உங்களக் கும்புட்டுக்கிட்டே இவரு சாகப் பாத்தாரு டாக்டர்." தம்பி வந்து அக்காவின் கையைப் பிடித்தார். பேசட்டும் என்றேன். எனக்கு வேண்டியதுதான்.

அம்பலவாணன் ஏதோ கேட்டார். எப்போதும் போலக் குனிந்துகொண்டு. வழக்கமாக நான் தலையாட்டிவிடுவேன். இன்றைக்கு, கேட்கவில்லை, என்னைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"அப்ப என் உதடு நல்லாத்தான் இருக்கா டாக்டர்?"

நல்லாத்தான் இருக்கு என்றேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோமளவல்லி உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து, என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கோயிலில் வேறு ஆளுக்கு இன்னும் வெற்றிலை பாக்கு வைக்கவில்லையாம். தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு தர்மகர்த்தா வீட்டுக்குப் போனார்.

ஏப்ரல் 6, வெள்ளி

லேபுக்கு நேரிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். பழைய அச்சின்படி, அந்தத் தூக்கல் ஒரு நூல்கூடக் குறையாமல் புதுக் கேப். சாருமதியோடு பேசினேன். பாதி புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம், கருவி வாங்கிக் கொடுக்க. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 11, புதன்

காலை ஒன்பதரைக்கு அம்பலவாணனும் கோமளவல்லியும் வந்தார்கள். நாலு நாளாகக் கருவி மாட்டிக்கொண்டிருக்கிறேன். டிரேயில் சாமான் வைக்கிற சத்தமெல்லாம் தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி இருக்கிறது. ஆனாலும் இவர் பேசுவது ஏதோ கேட்கிறது.

பழைய கேப்பை எடுத்துப் புதியதைத் தற்காலிகமாக வைத்தேன். வாசியுங்கள் என்றேன். ஒரு கீற்று வாசித்துவிட்டு, பழக்க தோஷம், என் கட்டை விரலைப் பார்த்தார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். என்னைப் பார்க்காதீர்கள், உங்களுக்கே கேட்கும், நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரியும் என்றேன். அவருக்கு அது ரொம்பக் கூச்சமாக இருந்தது. டாக்டர் இருக்கும்போது நான் எப்படிச் சொல்வது என்று இரண்டு தடவை கேட்டார். கோமளவல்லி, சொல்லித் தொலைங்களேன் என்றார்.

"வலது ஓரத்துல கொஞ்சம் ஓடுது."

விரலை நனைத்து அவர் உதட்டோரத்தில் பிடித்துக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். ஆமாம், ஒரு நூல் காற்று விரலில் சில்லென்று பட்டது. கேட்காததைத் தொட முடிகிறது. இது எனக்கு இத்தனை வருஷம் தோன்றவே இல்லை, காது இருக்கிறதே என்ற திமிர். கேப்பை எடுத்து, உள்பக்கம் கொஞ்சம் ஏற்றி, மறுபடி வைத்தேன். இப்போது இடது பக்கம் என்றார். மறுபடி. ஐந்து தடவை இப்படி. ஒவ்வொரு தடவையும் நான் என்ன, என்ன என்று கேட்டேன், அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜெயக்கொடியும் திருப்பிச் சொன்னாள். இன்றைக்கு அவளை ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது தடவை வாசிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. என் விரலில் காற்று படவில்லை. காத்திருப்பு அறையில் இருந்த பல்வலிக்காரர்கள் கதவருகே வந்து நின்றார்கள். நான் கோமளவல்லியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார், முதல் தடவையாக.

கேப்பை நிரந்தரமாக ஒட்டினேன். அம்பலவாணன் எழுந்து கும்பிட்டார். நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டே, இதை நான் வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன் டாக்டர் என்றார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. உள்ளதை எழுதுகிறேன், இருந்தது.

வாசல் வரைக்கும் போனவர் நின்று, திரும்பி ஏதோ கேட்டார். கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். பக்கத்தில் வந்து, என் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இந்த மூணு வருசத்துல வேற யாருக்கெல்லாம் டாக்டர் சரின்னு சொன்னீங்க?"

ஏப்ரல் 12, வியாழன்

கிளினிக் விடுமுறை என்று போர்டு எழுதி மாட்டினேன். நானும் ஜெயக்கொடியும் மூன்று வருஷ ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஊதுகிறவர்கள் மட்டும் நாற்பத்தோரு பேர். முப்பது பேர் திரும்பி வந்திருக்கிறார்கள், வாசிக்கிறார்கள், பாதகமில்லை. பதினோரு பேர் கேப்போ பல்செட்டோ போட்டுக்கொண்டு, நான் விரலைத் தூக்கி, கும்பிட்டுவிட்டுப் போனவர்கள். அப்புறம் வரவே இல்லை. குணமாகிவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு பேருக்கு ஜெயக்கொடி போன் பண்ணிப் பேசினாள். அடுத்த வாரம் வருகிறார்கள். மூன்று நம்பர் உபயோகத்தில் இல்லை, கடிதம் எழுதியிருக்கிறேன். மீதி ஒருவர் நாகூர்ப் பக்கம். கல்யாண ஊர்வலங்களில் கிளாரினெட் வாசிக்கிற காதர் மொய்தீன். மேல் பல்செட், இரண்டே கால் வருஷத்துக்கு முன். போன் எடுக்கவில்லை. ஜெயக்கொடியை அழைத்துக்கொண்டு பதினொன்றரை பஸ்ஸில் கிளம்பினேன்.

விசாரித்துக் கண்டுபிடித்தோம். சின்ன மளிகைக் கடை. தராசில் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கடைக்குள் இருந்த ஒரே நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார். யாரையோ கூப்பிட்டு எங்களுக்கு டீ சொன்னார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"வாசிக்கிறத விட்டுட்டேன் டாக்டர். நீங்க நல்லாத்தான் பண்ணிக் குடுத்தீங்க. எனக்குத்தான் உதடு போயிடுச்சு."

அவர் சொன்னது முதல் தடவையிலேயே எனக்குக் கேட்டது.